வேனுக்குள் ஒரு வாரக் குடித்தனம்

"அடுப்பு, சட்டி, படுக்கை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போறதுக்குப் பேரு ஊர் பார்க்கப் போறதா? வீடு மாத்திக்கிட்டுப் போறேன்னு சொல்லு!" என்று என் மாமியார் கேலி செய்தார். வாஸ்தவம்தான். பட்டாபிராமிலிருந்து நீலகிரிக்கு நாங்கள் போய் வந்தது ஒரு வாரக் குடித்தனம்தான். அந்த வீட்டுக்கு நாலு சக்கரம் இருந்தது, அவ்வளவே.

என் கணவர் சொந்தமாக வேன் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். பன்னிரண்டு ஸீட் வண்டி. 2024 செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை விட்டதும் நடு ஸீட்டுகளைக் கழற்றித் திண்ணையில் வைத்தார். அந்த இடத்தில் பலகை போட்டு இரண்டு மெத்தை விரித்தோம். பலகைக்கு அடியில் அரிசி, பருப்பு, துணிமணி. பின் கதவோரம் சின்ன காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், இருபது லிட்டர் தண்ணீர் கேன். கூரை மேல் என் பெண்ணின் சைக்கிள். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அது. பழைய புடவையைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம்.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு. எனக்கோ வேறு ஒரு காரியம் இருந்தது. மூன்று வருஷமாக மனத்தை அரித்துக் கொண்டிருந்த காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் எதிர் வீட்டில் ஓர் அக்கா குடியிருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை. என் பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது மிலிட்டரி சைடிங் பக்கம் போகும் ரோட்டில் எனக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தவர் அந்த அக்காதான். "ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனை நாள் இன்னொருத்தரை எதிர்பார்ப்பே?" என்று சேலையைத் தூக்கிச் செருகச் சொல்லி, காரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடி வருவார். 2016-ல் அண்ணனுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மாற்றலாயிற்று. "மலைக்கு வாடி, மலைக்கு வாடி" என்று வருஷா வருஷம் கூப்பிடுவார். "வரேன்க்கா, வரேன்க்கா" என்று நானும் சொல்லிக் கொண்டே இருந்தேன்.

2020-ல் ஊரடங்கு. பள்ளிக்கூடம் இல்லை என்றால் எங்களுக்கு வருமானம் இல்லை. வேன் கடனுக்கு ஆகஸ்டு வரை அவகாசம் கொடுத்தார்கள். செப்டம்பரிலிருந்து தவணை கட்டியாக வேண்டும். என் பேச்சிலிருந்தே அக்கா புரிந்து கொண்டார். நான் கேட்கவில்லை. டிசம்பர் வரை மாதம் ஐயாயிரமாக நாலு மாதம் அனுப்பினார். அந்தப் பணம் வராதிருந்தால் இந்த வேன் இன்று எங்களிடம் இல்லை.

2021 ஜூனில் அண்ணன் கொரோனாவில் போய்விட்டார். பஸ் கிடையாது, மாவட்டம் தாண்ட அனுமதி வேண்டும் என்ற நேரம். எங்களால் போக முடியவில்லை. அப்புறம் பஸ் விட்டார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள், 2022-ல் கடனையும் பாங்க் வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஆனால் துக்கம் கேட்கப் போகவில்லை. தள்ளத் தள்ள, எந்த முகத்தோடு போவது என்ற கூச்சமும் சேர்ந்து கொண்டது. சகோதரிகளே, கூச்சம் வளர்ந்து சுவராகிவிடும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தடவை என் கணவரே, "போய்ட்டு வந்துடலாம். அவங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது, வேன்லயே படுத்துக்கலாம்" என்றார்.

விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டு, நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டைப் பிடித்தோம். வேலூர் தாண்டி ஒரு புளிய மர நிழலில் பின் கதவைத் தூக்கி வைத்து அடுப்பைப் பற்ற வைத்தேன். மத்தியானத்துக்குப் புளியோதரை கையில் இருந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய், சேலம், பவானி, அவினாசி, அன்னூர் என்று ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, இருட்டும் நேரம் மேட்டுப்பாளையம் சேர்ந்தோம். ராத்திரியில் மலைப்பாதை வேண்டாம், காட்டோரம் நிறுத்தினால் யானை நடமாட்டம் என்று சொல்லி, பெட்ரோல் பங்க்கில் கேட்டு, லாரிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படுத்தோம்.

அன்றைக்கு ஒன்று கவனித்தேன். வீட்டில் சமையலறைச் சுவருக்குப் பின்னால் நான் என்ன செய்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது. தட்டு வரும், காலியாகும். வேனில் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. அரிசி களைந்த தண்ணீரில் நான் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டு, ஏழாவது படிக்கும் என் பையன் தானாகவே தண்ணீர்க் கணக்கு வைத்துக் கொண்டான். "அம்மா, இன்னும் எட்டு லிட்டர்தான் இருக்கு. குழம்பு வேணாம், ரசம் போதும்!"

மறுநாள் காலை மலையேற்றம். நீலகிரிக்குள் நுழைய வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். செல்போனில் பதிந்தால் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பாட்டில், பை எதுவும் கொண்டு போகக் கூடாது. செக்போஸ்டில் பார்த்துப் பறிமுதல் செய்கிறார்கள். எங்களிடம் எவர்சில்வர் கூஜாவும் துணிப்பையும்தான் இருந்தன.

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். குன்னூர் போவதற்குள் பதினாலு. பாக்கு மரத் தோப்புகளுக்கு நடுவே, எதிர் மலையில் புகை விட்டுக் கொண்டு சின்ன ரயில் தெரிந்தது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்தைப் பிடித்துக் கொண்டு, 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் வரைக்கும் ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பிள்ளைகள் கையாட்டி ஓய்வதற்குள் பர்லியார் வந்துவிட்டது.

பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க இறங்கினோம். அங்கேதான் வினை. பையன் கையில் பழத்தோடு நிற்கிறான், ஒரு குரங்கு பாய்ந்து பிடுங்கியது. பிடுங்கின வேகத்தில் முன்னங்கையில் நகக் கீறல். ரத்தம் வரவில்லை, தோல் சிவந்து மூன்று கோடு. கூட்டத்தில் ஓர் அம்மாள், "மஞ்சப்பொடி வை" என்றார். இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். நான் எதையும் வைக்கவில்லை. சோப்பை எடுத்து, வேனில் இருந்த தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கால் மணி நேரம் கழுவினேன். ஒவ்வொரு சொட்டையும் கணக்குப் பார்த்தவன், கேன் காலியாவதைப் பார்த்து அழுதான். "தண்ணி போனா போகட்டும்டா" என்றேன். என் கை நடுங்கிற்று.

நேரே குன்னூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அக்காவுக்குப் போன் செய்து, "வர நேரமாகும்க்கா" என்று விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பார்த்துவிட்டு, "கழுவினீங்களா? நல்லது. ரத்தம் வராத கீறல்னாலும் ஊசி போட்டே ஆகணும்" என்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டார். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு காசு செலவில்லை.

சீட்டை மடித்துக் கொண்டு வராந்தாவுக்கு வந்தால், அங்கே அக்கா நிற்கிறார். கையில் பிளாஸ்க், தோளில் ஒரு பையன் ஸ்வெட்டர். போன் வைத்த உடனே பஸ் பிடித்து வந்திருக்கிறார். நெற்றியில் பொட்டில்லாத அந்த முகத்தைப் பார்த்ததும் வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"இங்கே நின்னு அழாதே. பிள்ளை பயந்துடப் போறான். முதல்ல அவனுக்குக் காபியைக் குடு" என்றார் அக்கா.

ஆறுதல் சொல்லப் போனவள் நான். அங்கேயும் அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அக்கா முன் ஸீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். வெலிங்டன் தாண்டி அருவங்காடு வந்தது. 1903-ல் ஏற்பட்ட தொழிற்சாலை. வாசலைக் கடக்கும்போது அக்கா வேறு பக்கம் திரும்பிக் கொண்டார். நாங்களும் பேசவில்லை. எல்லநள்ளியில் திரும்பிக் கேத்திப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பின் அக்கா கேத்தி பாலாடாவில் ஓர் அறை, ஒரு சமையலறை உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். குடும்பப் பென்ஷன் வருகிறது. தையல் மெஷினும் ஓடுகிறது. மகள் கோயம்புத்தூரில் நர்ஸுக்குப் படிக்கிறாள்.

பாலாடாவின் அழகைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். காரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ். காரட் கழுவ மெஷின் இருக்கிறது. பெரிய பீப்பாய் சுற்றச் சுற்ற, சேறு அப்பிய காரட் உள்ளே போய்ப் பளபளவென்று வெளியே விழுகிறது. அதை மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் ஏற்றுகிறார்கள். நம் வீட்டு சாம்பாரில் விழும் காரட் இத்தனை கை மாறித்தான் வருகிறது.

வேனை அக்கா வீட்டு வாசலிலேயே நிறுத்தினோம். பிள்ளைகளும் என் கணவரும் வேனில் படுக்க, நான் அக்காவோடு படுத்தேன். முதல் நாள் வாசலில் அடுப்பு வைத்துத் திறந்த பாத்திரத்தில் பருப்பு போட்டேன். தளதளவென்று கொதிக்கிறது, ஒரு மணி நேரமாகியும் வேகவில்லை. அக்கா சிரித்தார். "மலையிலே தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும்டி, ஆனா அந்தச் சூடு போதாது. குக்கர்ல போடு." பிறகு பெண் விளக்கம் சொன்னாள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறதாம். நம் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் ஆவியை அடைத்து அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது. இட்லி மாவும் குளிரில் பொங்காது. அக்கா மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைக்கிறார்.

பக்கத்து வீட்டுப் படகர் அம்மாள் நாங்கள் வந்திருப்பது தெரிந்து எண்ணெஹிட்டு சுட்டுக் கொடுத்தனுப்பினார். மாவும் சர்க்கரையும் பிசைந்து எண்ணெயில் பொரித்த பண்டம். குளிருக்கு அப்படி ஒரு ருசி.

சைக்கிளை இறக்கியதும் பெண் ஒரே உற்சாகமாகக் கிளம்பினாள். கியர் இல்லாத சைக்கிள் மலைக்கு ஆகாது. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், பள்ளம் வந்தால் இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி இறங்க வேண்டும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் சமதளமாக ரோடு போகிறது. "ஏறுடி, பார்க்கலாம்" என்றார் அக்கா. நான் சைக்கிள் தொட்டே எட்டு வருஷம் இருக்கும். சேலையைச் செருகிக் கொண்டு ஏறினேன். அக்கா காரியரைப் பிடித்துக் கொண்டு பழையபடி பின்னால் வந்தார். "விட்டுடாதீங்கக்கா!" என்று கத்தினேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், எப்போதோ விட்டுவிட்டு ரோட்டில் நின்று இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறார்.

மூன்றாம் நாள் குன்னூரில் இரண்டாவது ஊசி. அது முடிந்ததும் கோத்தகிரி ரோட்டில் போனோம். ஸிம்ஸ் பூங்காவுக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, "இதான் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்" என்றார் அக்கா. 1907-ல் தொடங்கியது. அதற்கு முன் தெற்கே யாரையாவது வெறிநாய் கடித்தால் இமயமலைப் பக்கம் கசௌலிக்குத்தான் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். அந்தக் குறை தீரத்தான் இங்கே நிறுவினார்கள். நம் பிள்ளைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசி மருந்தும் இங்கே தயாரானதுதான். பையன் தன் கைக் கீறலைத் தடவிக் கொண்டே அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை என்று ஒரு காடு இருக்கிறது. 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் சூழ, நடுவே பழைய காடு மிச்சமிருக்கிறது. மழைத் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக் கொண்டு ஊற்றாகக் கசியவிடுகிறது. சுற்று வட்டாரக் கிராமங்களின் குடிதண்ணீர் அதுதான். ஊர்க்காரர்களே குழு அமைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. அனுமதி பெற்று உள்ளே நடந்தோம். மத்தியானத்திலேயே மாலை மாதிரி வெளிச்சம். மரத்துக்கெல்லாம் பாசி சட்டை. அட்டை ஏறாமலிருக்க உப்பு மூட்டை கையில்.

பிள்ளைகளும் அவரும் முன்னால் போய்விட்டார்கள். எனக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடை. அக்காவும் என்னோடு நின்று நின்று வந்தார். தைரியத்தை வரவழைத்துக் கொண்டு, "அண்ணன் போனப்ப வர முடியலேக்கா. மன்னிச்சுடுங்க" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்னிக்கு யாருமே வரலே. வந்திருந்தாலும் பார்க்க விட்டிருக்க மாட்டாங்க. அதுல உன் மேல எனக்கு வருத்தமில்லேடி. ஆனா அப்புறம் எத்தனை தடவை போன்ல பேசினோம்? காரட் விலை பேசினே, பசங்க மார்க்கு பேசினே. ஒரு நாளாச்சும் அவரைப் பத்திப் பேசினியா? யாருமே பேசறதில்லே. எனக்கு நோகுமேன்னு நினைக்கிறீங்க. அவர் பேரே இல்லாம நாள் போறதுதான் எனக்கு நோகுது."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! அண்ணன் பேச்சு வந்துவிடக் கூடாதே என்று மூன்று வருஷம் நான் சுற்றி வளைத்துப் பேசியிருக்கிறேன். அவருக்காக என்று நினைத்தேன். உள்ளபடி என் கூச்சத்துக்காகத்தான்.

அன்று ராத்திரி வேனின் பின் கதவைத் தூக்கி வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். சுக்குமல்லிக் காபி. என் கணவர் ஆரம்பித்தார். "இந்த வண்டியிலே முதல்லே லைட் போட்டுக் கொடுத்தது அண்ணன்தான். ரெண்டு தரம் ஷாக் அடிச்சும் விடலே!" அவ்வளவுதான். அண்ணன் ஆவடி மார்க்கெட்டில் பேரம் பேசத் தெரியாமல் ஏமாந்த கதை, மழையில் முழங்கால் தண்ணீரில் என் பெரியவளைத் தோளில் தூக்கிப் போன கதை என்று பதினோரு மணி வரை பேசினோம். அக்கா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். "நல்லா இருந்துச்சுடி" என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்.

ஐந்தாம் நாள் கோத்தகிரி வழியாக இறங்கினோம். அக்கா ஒரு மூட்டை காரட்டும், கிளம்பும்போது திட்டும் கொடுத்தார்: "அடுத்த தடவை இத்தனை வருஷம் ஆக்கினே, கதவைத் திறக்க மாட்டேன்." ஏழாம் நாள் ஊசியை நம் ஆவடி ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டிப் போட்டுக் கொண்டான் பையன். கடைசித் தவணையும் ஆயிற்று. நன்றாக இருக்கிறான்.

வேனில் மலைக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்து கொண்ட சில விஷயங்கள்:

வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறாதீர்கள். குமட்டலுக்கு நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக் கொள்ளுங்கள்.

ஏறி இறங்கும்போது காது அடைக்கும். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காது விட்டுவிடும்.

அடுப்பை எப்போதும் வண்டிக்கு வெளியே வைத்துத்தான் பற்ற வைக்க வேண்டும். குளிருகிறதே என்று மூடின வண்டிக்குள் கரி அடுப்பு வைத்துப் படுப்பது உயிருக்கே ஆபத்து. வாசனையில்லாத விஷவாயு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும்.

குரங்குக்குத் தீனி கொடுக்காதீர்கள், தின்பண்டத்தைக் கையில் வைத்து நிற்காதீர்கள். குரங்கோ நாயோ கடித்தால், கீறினால், சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. கைவைத்தியம் கூடாது. தவணை ஒன்றையும் விடக் கூடாது.

தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நிற்கும். பசு மாதிரி சாதுவாகத் தெரியும், கிட்டே போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. துக்கம் கேட்கப் போகாத வீடு ஏதாவது உங்கள் மனத்தில் இருந்தால், எத்தனை வருஷமானாலும் போய் வந்துவிடுங்கள். போக முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள். பேசும்போது போனவர் பேரைச் சொல்லிப் பேசுங்கள்.

ஸீட்டுகளைத் திரும்ப மாட்டியாயிற்று. வேன் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பழையபடி ஓடுகிறது. பையன் மட்டும் இப்போதெல்லாம் சாப்பாடு முடிந்ததும் தட்டை அவனே கழுவி வைக்கிறான்.